தெருவுக்கு ஒரு மன்றம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பணி ஓய்வு பெற்றவர்களும் வேலையில் இருப்பவர்களுமாக நாங்கள் 12 பேர். மாலையில் உட்கார்ந்து பேச, பேப்பர் படிக்க, கேரம் ஆட உறுப்பினர்களுக்கு மட்டுமான ஒரு மன்றம் தொடங்க நினைக்கிறோம். கடை மாடியில், தகரக் கூரை போட்ட அறை ஒன்று குறைந்த வாடகைக்கு வருகிறது. பிடித்துவிடலாமா?
— கூடல்நகர் வாசகர்

பதில்: வேண்டாம். மன்றத்துக்குக் கூட்டம் சேர்வது மாலை 5 மணியிலிருந்து 9 மணி வரை. மதுரையில் பங்குனி பிறந்துவிட்டால் தகரத்துக்குக் கீழே அந்த நேரத்தில் பத்து நிமிடம் உட்கார முடியாது. மின்விசிறி சூட்டைத்தான் கீழே தள்ளும். கான்கிரீட் கூரையானாலும் மேலே வேறு தளம் இல்லாத மொட்டை மாடி அறை என்றால் கவனம் தேவை. பகலெல்லாம் குடித்த வெயிலைக் கான்கிரீட் சாயங்காலம்தான் கக்கும். தரைத்தளம் கிடைத்தால் முதல் தேர்வு அதுவே. அடுத்தது, தலைக்கு மேல் இன்னொரு தளம் உள்ள முதல் மாடி. மாடி என்றால் படியில் கைப்பிடி இருக்கிறதா என்று பாருங்கள். முழங்கால் வலிக்காரர்தான் தினமும் வரக்கூடிய உறுப்பினர். அவர் ஏற முடியாத இடத்தில் மன்றம் நிலைக்காது.

அறை தேடும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வர விருப்பம் சொன்ன ஒவ்வொருவரிடமும் "எத்தனை மணிக்கு வருவீர்கள், வாரத்தில் எத்தனை நாள்?" என்று கேட்டு எழுதுங்கள். ஓய்வு பெற்றவர்கள் காலை 10 மணிக்கும் மாலை 5 மணிக்கும் சொல்வார்கள். வேலைக்குப் போகிறவர்கள் இரவு ஏழரைக்கு மேல்தான் வருவார்கள். 40 உறுப்பினர் இருந்தாலும் ஒரே நேரத்தில் 12 முதல் 15 பேர் என்பதே சரியான கணக்கு. அதற்கு 400 சதுர அடி போதும். 800 சதுர அடி பிடித்து வாடகைக்குத் திண்டாட வேண்டாம்.

கேரம் பலகையின் ஆடுபரப்பு 74 சென்டிமீட்டர். சட்டமும் நான்கு பக்க நாற்காலியும் முழங்கை வீச்சும் சேர்ந்தால் 8 அடிக்கு 8 அடி வேண்டும். மேசை உயரம் 63 முதல் 70 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். பலகையின் நடுவுக்கு நேர் மேலே தனி விளக்குத் தொங்கட்டும். சுவர் விளக்கு மட்டும் இருந்தால் ஆடுகிறவரின் நிழலே காய் மேல் விழும். மின்விசிறிக்கு நேர் கீழே பலகையைப் போட்டால் போரிக் பவுடர் பறந்து பக்கத்தில் பேப்பர் படிப்பவர் மூக்கில் ஏறும். அதனால் இரண்டு விசிறிகளுக்கு இடையில் பலகை, மறுமூலையில் ஜன்னலோரம் படிக்கும் மேசை.

பலரும் கணக்கில் சேர்க்காதது வண்டி. ஒரு இருசக்கர வாகனம் நிற்க 12 சதுர அடி. 15 வண்டிக்கு, எடுக்கவும் திருப்பவும் சேர்த்து 250 சதுர அடியாவது வேண்டும். அது இல்லாமல் எதிர்வீட்டு வாசலில் நிறுத்தினால், முதல் புகார் அந்த வீட்டிலிருந்துதான் வரும். அக்கம்பக்கத்தார் பகைத்துக்கொண்ட மன்றத்துக்கு வீட்டுக்காரர் மறு ஆண்டு ஒப்பந்தம் போட மாட்டார்.

கேள்வி: பதிவு செய்தே ஆக வேண்டுமா? நண்பர்கள்தானே, நம்பிக்கையில் நடத்தக் கூடாதா?
— எஸ்.எஸ். காலனி வாசகர்

பதில்: தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்படி 20 பேர் சேர்ந்துவிட்டாலோ, ஆண்டு வரவு அல்லது செலவு 10,000 ரூபாயைத் தொட்டாலோ பதிவு கட்டாயம். வாடகை கொடுத்து நடத்தும் எந்த மன்றமும் இரண்டே மாதத்தில் அந்தத் தொகையைத் தாண்டிவிடும். அதனால் "செய்யலாமா" என்ற கேள்விக்கு இடமில்லை.

குறைந்தது 7 பேர் கையெழுத்திட்ட சங்க அமைப்புக் குறிப்பும் பைலாவும் (மன்றத்தின் உள்விதிகள்) வேண்டும். மதுரையில் வடக்கு, தெற்கு என்று இரண்டு பதிவு மாவட்டங்கள் உண்டு. உங்கள் முகவரி எதில் வருகிறது என்று பார்த்து அந்த மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பியுங்கள். அறை வாடகைக்கு என்றால் வீட்டுக்காரரின் சம்மதக் கடிதத்தை முன்பே வாங்கிவையுங்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் அதைக் கேளுங்கள். கொடுத்த பிறகு கேட்டால் இழுத்தடிப்பார்கள்.

ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் மாதிரி பைலாவில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. பின்னால் வரும் சண்டைகளில் பாதிக்கு வேர் அதுதான். மாதிரியில் சந்தா பாக்கி எத்தனை மாதமானால் உறுப்புரிமை போகும் என்று இருக்காது. செயற்குழுக் கூட்டத்துக்குக் குறைந்தது எத்தனை பேர் என்று இருக்காது. கலைத்தால் சாமான் யாருக்கு என்பதும் தெளிவாக இருக்காது. இந்த மூன்றையும் நீங்களே உட்கார்ந்து எழுதுங்கள். செயற்குழுவில் 3 பேருக்குக் குறையக் கூடாது, பதவிக்காலம் 3 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது என்பது சட்டம். பைலாவைத் திருத்தச் சிறப்புத் தீர்மானம் வேண்டும்: 21 நாள் முன்னறிவிப்பு, வாக்களித்தவர்களில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு. பின்னால் திருத்திக்கொள்ளலாம் என்பது சொல்லுகிற அளவுக்குச் சுலபமில்லை.

பதிவு கையில் வந்ததும் ஓய்ந்துவிடாதீர்கள். ஆண்டுதோறும் தணிக்கை செய்த கணக்கையும் உறுப்பினர் பட்டியலையும் தாக்கல் செய்ய வேண்டும். நிர்வாகிகள் மாறினால் படிவம் 7. நான்கைந்து ஆண்டு விட்டுவிட்டு, வங்கியில் கையெழுத்து மாற்றப் போகும்போது விழிப்பவர்கள் நிறைய. கணக்காண்டு மார்ச் 31-ல் முடிகிறது. சித்திரைத் திருவிழா முடியும்வரை மதுரையில் யாரும் கணக்குப் பார்க்க உட்கார மாட்டார்கள். வைகாசியில் தணிக்கை, ஆடிக்குள் பொதுக்குழு என்று வைத்துக்கொண்டால் ஒழுங்காக நடக்கும்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. "மனமகிழ் மன்றம்" என்றாலே இப்போது மதுபானக்கூடம் என்று நினைக்கிறார்கள், வீட்டுக்காரர் பின்வாங்குவார். தெருப் பெயரோடு "மன்றம்" அல்லது "படிப்பகம்" போதும்.

கேள்வி: மாதச் சந்தா எவ்வளவு வைக்கலாம்?
— வில்லாபுரம் வாசகர்

பதில்: ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறோம், உங்கள் பகுதி விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வாடகை 8,000, மின்சாரம் 1,800, பேப்பரும் வார இதழ்களும் 1,400, பெருக்கித் துடைக்க வருபவருக்கு 2,000, தண்ணீர் கேன் 600, கேரம் பவுடர், பல்பு, சில்லறை 700. ஆக 14,500. பழுது பார்க்கவும் தணிக்கையாளர் கட்டணத்துக்கும் 1,500 ஒதுக்கினால் 16,000. உறுப்பினர் 40 பேர் என்றால் தலைக்கு 400 என்று வகுப்பதுதான் வழக்கமான பிழை. எந்த மாதமும் ஐந்தில் ஒருவர் பாக்கி வைப்பார். 32 பேரால் வகுங்கள்: 500 ரூபாய். நேரத்துக்கு வராத பணம் பிறகு வரும்போது அது மே மாத மின்கட்டணத்தைத் தாங்கும்.

தொடக்கப் பணத்தை இரண்டாகப் பிரியுங்கள். 10 மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்டால் 80,000. நாற்காலி, மேசை, விசிறி, இரண்டு கேரம் பலகைக்கு 40,000 என்று வைப்போம். தலைக்கு 2,000 காப்புத்தொகை, 1,000 நுழைவுக் கட்டணம். நுழைவுக் கட்டணம் திரும்ப வராது. காப்புத்தொகை திரும்ப வரும், ஆனால் அவர் இடத்துக்குப் புது உறுப்பினர் சேர்ந்து பணம் கட்டிய பிறகுதான். இந்த ஒரு வரி பைலாவில் இல்லாவிட்டால், கோபித்துக்கொண்டு ஐந்து பேர் சேர்ந்து வெளியேறும் அன்று மன்றத்தில் 10,000 ரூபாய் இருக்காது.

சந்தா வாங்கும் கியூஆர் அட்டை மன்றத்தின் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். பொருளாளரின் சொந்த ஜிபே எண்ணை ஒட்டிவைத்தால் அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் ஆறு மாதத்தில் பேச்சு கிளம்பும். நல்ல மனிதரை அந்த நிலையில் நிறுத்தாதீர்கள். மூவரில் இருவர் கையெழுத்து, எண் அச்சிட்ட ரசீது, மாதம் 5-ம் தேதி வரவு செலவுத் தாள் பலகையில். இவ்வளவும் செய்தால் போதும்.

உறுப்பினர்களிடம் வாங்கி உறுப்பினர்களுக்கே செலவழிக்கும் பணம் வருமான வரிக்கு உரிய வருமானம் ஆகாது. ஆனால் மிச்சத்தை வங்கியில் போட்டு வரும் வட்டிக்கு அந்தச் சலுகை இல்லை என்று 2013-ல் பெங்களூரு கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நிரந்தர வைப்பில் போடும் முன் தணிக்கையாளரைக் கேளுங்கள்.

கேள்வி: சும்மா ரம்மி ஆடினால் சுவை இல்லை, சின்னக் காசு வைக்கலாம் என்கிறார்கள் சிலர். ரம்மி திறமை விளையாட்டு என்று கோர்ட்டே சொல்லியிருக்கிறதாமே?
— திருநகர் வாசகர்

பதில்: சொன்னது உண்மை. ரம்மியில் எந்தச் சீட்டு விழுந்தது என்று நினைவில் வைக்க வேண்டும், எதை வைப்பது எதை இறக்குவது என்று யோசிக்க வேண்டும் என்பதால் அது பெரும்பாலும் திறமை என்று 1967-ல் உச்ச நீதிமன்றம் கூறியது. மூன்று சீட்டு அப்படியல்ல, முழுக்க அதிர்ஷ்டம் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. அதோடு, ஆட்டத்திலிருந்து மன்றம் ஆதாயம் எடுத்தால் குற்றமாகலாம் என்றும் இருக்கிறது. முன்பாதியைச் சொல்கிறவர்கள் இந்தப் பின்பாதியைச் சொல்வதில்லை. 1930-ம் ஆண்டுத் தமிழ்நாடு சூதாட்டச் சட்டமும், மாநகருக்குள் மாநகரக் காவல் சட்டமும் உயிரோடுதான் இருக்கின்றன.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். காசு வைத்து ஆடும் மேசை ஒன்று வந்துவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். முதலில் ஆட்டம் ஒன்பது மணியைத் தாண்டும். பிறகு சாவி அந்த நான்கு பேரிடம் போகும். கேரம் ஆட வந்த இளைஞர்கள் நிற்பார்கள், பேப்பர் படிக்க வந்தவர் வீட்டிலேயே இருந்துவிடுவார். உறுப்பினருக்குள் கைமாற்று தொடங்கும். கடைசியில் ஒருவர் மனைவி வாசலில் வந்து நின்று கேட்பார். மன்றம் அதோடு முடிந்தது.

ஆட்டத்தில் சூடு வேண்டும் என்பது நியாயமான ஆசை. அதற்குப் புள்ளிப் பலகை வையுங்கள். ஒவ்வொரு ஆட்டத்தின் புள்ளியும் தேதியோடு சுவரில் ஏறட்டும். ரம்மியில் புள்ளி குறைந்தவர்தான் வென்றவர் என்பதால், மாதக் கடைசியில் குறைந்த புள்ளிக்காரர் பெயர் மேலே. காசுக்கு ஆடுவதைவிடப் பெயருக்கு ஆடும்போது சத்தம் அதிகம் வரும், அதையும் எதிர்பாருங்கள்.

கேள்வி: உறுப்பினர் பிறந்தநாளுக்கு மட்டும் உள்ளே "பார்ட்டி" வைத்துக்கொள்ளலாமா?
— அண்ணாநகர் வாசகர்

பதில்: மது என்றால் கூடாது. கிளப்பில் மது பரிமாறுவதற்கான எஃப்.எல்.2 உரிமம் இல்லாமல் உள்ளே பரிமாறுவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அவரவர் பாட்டில் என்ற சமாதானம் எடுபடாது. உரிமம் எடுப்பது வேறு தொழில், தெரு மன்றத்துக்கு ஒத்துவராது. கேக்கும் ஜிகர்தண்டாவும் தாராளமாக வையுங்கள். ஒலிபெருக்கி இரவு 10 மணிக்கு மேல் கிடையாது.

கேள்வி: வேண்டாதவர் விண்ணப்பித்தால் முகத்துக்கு நேரே மறுப்பது எப்படி? எங்கள் ஊரில் இது நாளைக்குப் பெரிய பிரச்சினையாகும்.
— மேலூர் பக்கத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய, பெயரும் படமும் 15 நாள் அறிவிப்புப் பலகையில் இருக்கட்டும். பிறகு செயற்குழுவில் ரகசிய வாக்கு. கேரம் காய்களே போதும்: மூடிய டப்பாவில் கை விட்டு வெள்ளை போட்டால் சம்மதம், கருப்பு போட்டால் மறுப்பு. 7 பேர் குழுவில் இரண்டு கருப்பு விழுந்தால் இல்லை. எண்ணி முடித்ததும் காய்களைப் பலகைக்கே திருப்பிவிடுங்கள். யார் போட்டது என்று தெரியாது, காரணமும் சொல்ல வேண்டியதில்லை. ஒருமுறை மறுக்கப்பட்டவர் ஓராண்டு கழித்து மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்று எழுதிவையுங்கள்.

நீங்கள் எழுதாமல் விட்டதைப் பற்றிப் பேச வேண்டும். இந்த முறையே சாதி வேலியாகவும் மாறும். முதல் 12 பேர் ஒரே தெரு, ஒரே சமூகம் என்றால் அவர்கள் முன்மொழிவதும் அப்படித்தான் இருக்கும்; யாரையும் மறுக்காமலேயே கதவு சாத்தியிருக்கும். மந்தையிலும் சாவடியிலும் உட்கார முடியாமல் நின்றவர்கள் இருந்த ஊர்களில் இன்னொரு திண்ணையை நாமே கட்டக் கூடாது. அதனால் முன்மொழிபவரும் வழிமொழிபவரும் வெவ்வேறு தெருவாக இருக்க வேண்டும் என்று விதி வையுங்கள். தொடக்க 40 இடங்களைத் தெருவாரியாகப் பிரித்து, நிரம்பாத இடத்தை ஆறு மாதம் காலியாகவே வைத்திருங்கள். விண்ணப்பத்தில் சாதி, மதம், கட்சி என்ற கட்டமே இருக்கக் கூடாது. மன்றத்தின் பெயரில் திருவிழா வரியும் கட்சி நன்கொடையும் கொடுக்கக் கூடாது. கொடுக்க விரும்புகிறவர் தன் பெயரில் கொடுக்கட்டும்.

நீக்குவது என்றால் எழுத்தில் குற்றச்சாட்டு, விளக்கத்துக்கு 15 நாள், நேரில் பேச வாய்ப்பு, பிறகு தீர்மானம். மூன்றில் ஒன்றை விட்டாலும் விஷயம் முன்சீப் கோர்ட்டுக்குப் போகும்.

கேள்வி: எங்கள் வீட்டு முன்கூடத்தையே மன்றத்துக்கு விட்டுக்கொடுக்கிறேன். வீட்டு மின் இணைப்பே போதுமா? பெண்களையும் சேர்க்கலாமா?
— திருமங்கலம் வாசகி

பதில்: வீட்டு இணைப்பு போதாது. இலவச யூனிட் உள்ள அந்த இணைப்பில் மன்றம் நடத்துவது, அனுமதித்த பயன்பாட்டுக்கு மாறானது. சோதனையில் பிடித்தால் உரிய கட்டணத்தைப் போல் இரு மடங்கு போட மின்சாரச் சட்டம் 126-ம் பிரிவு இடம் தருகிறது. கூடத்துக்குத் தனி மீட்டர் வாங்கி, வணிகக் கட்டணத்துக்கு விண்ணப்பியுங்கள்.

பெண்களைக் கட்டாயம் சேருங்கள், ஆனால் "வரலாம்" என்று எழுதினால் மட்டும் வர மாட்டார்கள். உள்பக்கம் தாழ்ப்பாள் உள்ள தனிக் கழிவறை, வாசலில் எரியும் விளக்கு, தெருவிலிருந்து பார்த்தால் தெரியும் ஜன்னல் மூன்றும் வேண்டும். நேரத்தையும் கேட்டுத்தான் வைக்க வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு 11 மணி முதல் 1 மணி வரை பலருக்குத் தோதுப்படும், அந்நேரம் ஆண்களும் வரலாம். செயற்குழுவில் குறைந்தது இருவர் பெண்கள் என்று பைலாவிலேயே எழுதுங்கள். சாவிகளில் ஒன்று அவர்களில் ஒருவர் கையில் இருக்கட்டும்.