ஸ்லாப்பி ஜோ: அவசர இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு கேள்வி பதில்

கேள்வி (டல்லாஸ்): ஆறு மணிக்குத்தான் வேலையிலிருந்து வருகிறேன். பள்ளியில் கொடுக்கும் ஸ்லாப்பி ஜோவை, அதாவது தக்காளிச் சாஸில் வெந்த கொத்துக்கறி வைத்த பன்னை, பிள்ளைகள் வீட்டிலும் கேட்கிறார்கள். டின் சாஸ் இல்லாமல் செய்ய முடியுமா?

பதில்: தாராளமாகச் செய்யலாம், அரை மணி நேரம் போதும். நான்கு பேருக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் மாட்டுக் கொத்துக்கறி. பொட்டலத்தில் 85/15 (85 சதவீதம் கறி, 15 சதவீதம் கொழுப்பு) என்று இருந்தால் நல்லது. கொழுப்பு அதைவிடக் குறைந்தால் கறி வறண்டுவிடும். அகலமான வாணலியை நன்றாகக் காயவைத்துக் கறியைப் பரப்பிவிட்டு, கொஞ்ச நேரம் கரண்டியே போடாதீர்கள். முதலில் கறி தன் நீரை விட்டுக் கொதிக்கும். நீர் வற்றியதும் சத்தம் மாறிப் படபடவென்று பொரியும். அடிப்பக்கம் நன்றாகச் சிவந்த பிறகு புரட்டி உதிர்த்துவிடுங்கள்.

பொடியாக நறுக்கிய வெங்காயம் ஒன்று, குடமிளகாய் பாதி, பூண்டு இரண்டு பல் சேர்த்து வதக்கி, ஒரு மேசைக்கரண்டி தக்காளி விழுதைப் பச்சை வாசனை போகப் பிரட்டுங்கள். பிறகு முக்கால் கப் கெட்சப், அரை கப் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி பழுப்புச் சர்க்கரை, இரண்டு தேக்கரண்டி வூஸ்டர் சாஸ், ஒரு தேக்கரண்டி கடுகு விழுது, அதே அளவு வினிகர். மிதமான தீயில் பத்துப் பதினைந்து நிமிடம் கொதிக்கட்டும். வாணலியின் நடுவே கரண்டியால் கோடு இழுத்தால் சாறு ஓடிவந்து உடனே மூடக்கூடாது. அதுதான் பதம்.

கறி சிவக்கும் முன் சாஸை ஊற்றாதீர்கள். ஈரம் இருக்கும்வரை வாணலியில் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது; கறி வேகுமே தவிர சிவக்காது.

கேள்வி (சான் ஹோசே): வூஸ்டர் சாஸ் கைவசம் இல்லை.

பதில்: அதன் புளிப்புக்கு வினிகரும் நம் புளியும்தான் காரணம், ருசிக்கு நெத்திலி வகை மீன். கெட்டிப் புளிக்கரைசல் ஒரு தேக்கரண்டி, சோயா சாஸ் சில சொட்டு விடுங்கள். மீன் சாப்பிடாதவர் வீட்டில் இருந்தால் கடைப் புட்டியின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி (நியூ ஜெர்சி): எங்கள் ஊரில் ஸ்லாப்பி ஜோ கேட்டால் மூன்றடுக்கு ரொட்டியில் குளிர்ந்த இறைச்சி வைத்துத் தருகிறார்களே?

பதில்: உங்கள் பக்கத்தில் அதற்கு அதுதான் பெயர். ரை ரொட்டி, சீஸ், முட்டைக்கோஸ் சாலட், ரஷ்யன் டிரெஸ்ஸிங் (மயோனைஸில் கெட்சப் கலந்த சாஸ்) எல்லாம் சேரும். கியூபாவின் ஹவானாவில் இருந்த ஸ்லாப்பி ஜோஸ் மதுக்கடையிலிருந்து அந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். உணவு வேறு.

கேள்வி (டே மொயின்): அயோவாக்காரர்கள் உதிரிக் கறியைக் கெட்சப் இல்லாமல்தான் பன்னில் வைக்கிறார்கள். அதுதானே அசல்?

பதில்: அயோவா மாநிலத்து மஸ்கட்டீன் ஊரில் மெய்ட்-ரைட் என்ற உதிரிக் கறிக் கடை 1926இல் தொடங்கியது. அங்கே கறியை ஆவியில் வேகவைத்து உதிர்த்து, ஊறுகாய் வெள்ளரி, வெங்காயம், கடுகு விழுதோடு தருவார்கள். அருமையான சாப்பாடுதான். ஆனால் அதே அயோவாவின் சூ சிட்டியில்தான் ஜோ என்ற சமையல்காரர் தக்காளிச் சாஸ் சேர்த்தார் என்றும் ஒரு கதை உண்டு.

கேள்வி (மீண்டும் டே மொயின்): கதைக்கு ஆதாரம்? இனிப்பு ஊற்றினால் கறியின் ருசியே தெரியாது.

கேள்வி (கொலம்பஸ்): இனிப்பும் புளிப்பும் இல்லாவிட்டால் பிள்ளைகள் தொடவே மாட்டார்கள், ஐயா!

பதில்: ஆதாரம் கிடையாது, அதனால்தான் கதை என்றேன். இனிப்பைப் பற்றிய உங்கள் குறையில் பாதி நியாயம் இருக்கிறது. கெட்சப்பிலேயே சர்க்கரை நிறைய உண்டு. பழுப்புச் சர்க்கரையைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள். ஆனால் கறி சரியாகச் சிவந்திருந்தால் எந்தச் சாஸும் அதன் ருசியை மறைக்காது. டே மொயின் ஐயாவும் கொலம்பஸ் அம்மாவும் இதை ஒருமுறை செய்து பார்த்துவிட்டு வாதாடுங்கள்.

கேள்வி (சியாட்டில்): பச்சைக் கறியின் சிவப்பு நிறம் போனால் வெந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. அரைக்கும்போது மேற்பரப்புக் கிருமி உள்ளேயும் கலந்துவிடுகிறது. வேகாமலே நிறம் மாறுவதும் உண்டு. கறியின் உள்சூடு 71 டிகிரி செல்சியஸை, அமெரிக்காவில் சொல்வதுபோல் 160 டிகிரி பாரன்ஹீட்டை, எட்ட வேண்டும்.

கேள்வி (அட்லாண்டா): வான்கோழிக் கொத்துக்கறியில் செய்யலாமா?

பதில்: செய்யலாம். எண்ணெய் ஒரு கரண்டி விடுங்கள். இதற்கு 74 டிகிரி செல்சியஸ்.

கேள்வி (ராலே): கோழியில்?

பதில்: மேலே சொன்னதேதான்.

கேள்வி (பீனிக்ஸ்): எனக்கு எப்போதும் தண்ணீராக வருகிறது. சோள மாவு கரைத்து ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். முதல் பதிலைப் படியுங்கள்: நீர் வற்றி, கறி சிவந்து, அதன் பிறகே சாஸ். கடைசியில் மூடி போடாமல் கொதிக்கவிடுங்கள்.

கேள்வி (ஆஸ்டின்): கேரள பீஃப் வறுவலுக்கு அளவு சொல்லுங்கள்.

பதில்: அதைக் கேரளச் சமையல் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி (டென்வர்): பன் ஊறிப் பிய்ந்துவிடுகிறது. வடித்த கொழுப்பை என்ன செய்வது?

பதில்: பன்னின் உள்பக்கத்தில் வெண்ணெய் தடவிக் கல்லில் முறுகவிட்டு, சாப்பிடும் நேரத்தில் கறியை வையுங்கள். கொழுப்பைத் தொட்டியில் கொட்டாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும்; காலி டின்னில் உறையவைத்துக் குப்பையில் போடுங்கள்.

கேள்வி (சிகாகோ): மிச்சத்தை மறுநாள் பள்ளிக்குக் கொடுத்தனுப்பலாமா?

பதில்: இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்திருந்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். காலையில் ஆவி பறக்கச் சூடாக்கி வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக் கொட்டிவிட்ட பிளாஸ்கில் போடுங்கள். பன்னைத் தனியே கட்டிக் கொடுங்கள்.