திருடனைக் கொல்வது மனிதனைக் கொல்வதா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

அண்மையில் ஓர் உரை கேட்டேன். பழைய சீனர்களிடம் அறம், அரசியல், கவிதை எல்லாம் உண்டு, தருக்கம் மட்டும் கிடையாது, அதற்குக் காரணம் அவர்கள் மொழிதான் என்றார் பேச்சாளர். ஒருமை பன்மை இல்லை, காலம் காட்டும் விகுதி இல்லை, ஆங்கில 'இஸ்' போன்ற வினையும் இல்லை; அதனால்தான் அவர்கள் 'வெள்ளைக் குதிரை குதிரை அல்ல' என்று விடுகதை போட்டுக்கொண்டிருந்தார்கள் என்று முடித்தார். கூட்டம் சிரித்தது. எனக்கு எங்கோ இடித்தது, ஆனால் எதிர்த்துப் பேச விஷயம் தெரியவில்லை. அவர் சொன்னது சரியா? சரி இல்லை என்றால் அந்த மரபு ஏன் தொடரவில்லை? எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

கே.

அன்புள்ள கே.,

பேச்சாளர் சொன்ன மூன்று இலக்கணக் குறிப்புகளும் ஏறக்குறைய சரிதான். அவற்றிலிருந்து அவர் தாவிய முடிவுதான் தப்பு.

முதலில் அந்த 'இஸ்'. 'அவர் என் மாமா' என்ற வாக்கியத்தில் வினை எங்கே இருக்கிறது? நாமும் இரண்டு பெயர்ச்சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறவர்கள்தான். அந்த வினை இல்லாத மொழியில் தருக்கம் முளைக்காது என்றால் மணிமேகலையின் 29ஆம் காதையை என்ன செய்வது? பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்று தொடங்கி அவற்றின் போலிகள் ஒவ்வொன்றையும் வகை பிரித்து அடுக்குகிறது அது. அந்தப் பகுதி சங்கரசுவாமியின் நியாயப்பிரவேசம் என்ற வடமொழி நூலோடு மிக நெருங்கிப் போவதை ஆய்வாளர்கள் வெகுகாலமாகவே எழுதிவருகிறார்கள். அதே நியாயப்பிரவேசத்தை யுவான் சுவாங் 647இல் சீனத்தில் மொழிபெயர்த்தார். 'இஸ்' இல்லாத இரண்டு மொழிகள், ஒரே அளவை நூலின் சரக்கு, இரண்டிலும் சேதாரமில்லாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இந்த வாதத்துக்கு ஒரு பங்காளியும் உண்டு. 1981இல் ஆல்ஃபிரட் புளூம் என்ற அமெரிக்க ஆய்வாளர், 'அப்படி நடந்திருந்தால் இப்படி ஆகியிருக்கும்' என்ற மாதிரி நடக்காததை வைத்து யோசிப்பது சீன மொழி பேசுவோருக்குக் கடினம், அதற்கான அமைப்பு அவர்கள் மொழியில் இல்லை என்றார். கன்ஃபூசியஸின் உரையாடல்களிலேயே ஒரு வரி இருக்கிறது: குவான் சுங் என்ற அமைச்சர் மட்டும் இல்லாதிருந்தால் நாமெல்லாம் இன்று தலையை விரித்துப்போட்டு, மேலாடையை இடப்பக்கமாக மூடிக்கொண்டு திரிந்திருப்போம். அதாவது எல்லைக்கு அப்பாலுள்ள பழங்குடிகளைப் போல ஆகியிருப்போம் என்கிறார். இதைவிடத் தெளிவாக நடக்காத ஒன்றை எப்படிச் சொல்வது? புளூமின் சோதனைகளை டெரி ஆவ் திரும்பச் செய்து பார்த்து, 1983இலேயே மறுத்தும் எழுதிவிட்டார். ஆனாலும் இந்த மாதிரிக் கருத்துகளுக்கு ஆயுசு கெட்டி.

இப்போது ஒருமை பன்மை. இங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் தங்கள் மொழியில் பன்மை விகுதி இல்லாததால் என்ன சிக்கல் வரும் என்பதைச் சீனர்களே உட்கார்ந்து எழுதி வைத்திருக்கிறார்கள். மோட்சு என்பவரின் வழிவந்த மோகியர்கள், கி.மு. 300ஐ ஒட்டிய காலத்தில், போரிடும் நாடுகளின் காலம் என்று சொல்வார்களே, அந்தச் சமயத்தில். மோட்சு நூலின் 40 முதல் 45 வரையுள்ள அத்தியாயங்கள் இவர்கள் எழுதியவை. அதில் கடைசி அத்தியாயத்தின் பெயர் சியாவ்சூ. அதிலிருந்து:

ஒரு குதிரையும் குதிரை, இரண்டு குதிரையும் குதிரை. 'குதிரைக்கு நாலு கால்' என்றால் ஒரு குதிரைக்கு நாலு கால் என்று பொருள், இரண்டு குதிரைக்கும் சேர்த்து நாலு கால் என்று பொருளல்ல. 'குதிரையில் சில வெள்ளை' என்றால் இரண்டு குதிரையாவது இருக்க வேண்டும், அவற்றில் ஒன்று வெள்ளை. ஒற்றைக் குதிரையை வைத்துக்கொண்டு சில வெள்ளை என்று சொல்ல முடியாது.

'பத்து மாடு வாங்கினான்' என்று விகுதியே இல்லாமல் பேசுகிற நமக்கு இது உடனே புரியும். சொல் ஒன்றுதான், அது எப்போது ஒன்றைக் குறிக்கிறது, எப்போது பலவற்றைக் குறிக்கிறது என்பதை வாக்கியத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்கிறார்கள். பக்கத்திலேயே இன்னொன்று: குதிரையின் கண் குருடு என்றால் குதிரை குருடு என்கிறோம், குதிரையின் கண் பெரிது என்றால் குதிரை பெரிது என்பதில்லை. மாட்டின் மயிர் மஞ்சள் என்றால் மாடு மஞ்சள் என்கிறோம். மாட்டின் மயிர் நிறைய என்றால் மாடு நிறைய என்பதில்லை.

இதை விடுகதை என்று நினைத்துத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஒரே அச்சில் வார்த்த இரண்டு வாக்கியங்களில் ஒன்று தேறுகிறது, மற்றது தேறவில்லை. ஏன்? இந்த ஒரு கேள்விதான் அவர்களை விடாமல் பிடித்திருக்கிறது. இணையான வாக்கியங்கள் ஒரு தூரம் வரைதான் சேர்ந்து நடக்கும், அப்புறம் நின்றுவிடும் என்று சியாவ்சூவே வெளிப்படையாகச் சொல்கிறது. 'எல்லாம்' என்பதையும் விடவில்லை. குதிரையில் ஏறினான் என்று சொல்ல உலகத்துக் குதிரை எல்லாவற்றிலும் ஏற வேண்டியதில்லை, ஒன்று போதும். குதிரையில் ஏறாதவன் என்று சொல்ல ஒன்றில்கூட ஏறியிருக்கக் கூடாது. மனிதரை நேசிப்பது இதற்கு நேர் தலைகீழ்: எல்லாரையும் நேசித்தால்தான் மனிதரை நேசிப்பவன், ஒருவரை விட்டாலும் அந்தப் பெயர் போய்விடும். 'எல்லாம்', 'சில' இரண்டையும் இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தவர்களுக்குத் தருக்கம் தெரியாதாம்!

நேசிப்பது எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். மோகியர்களின் மையக் கொள்கையே எல்லாரையும் வேறுபாடில்லாமல் நேசிப்பதுதான். ஆனால் திருடர்களுக்கு மரண தண்டனை தருவதையும் அவர்கள் ஏற்றார்கள். எதிராளிகள் சும்மா விடுவார்களா? திருடனும் மனிதன்தானே, அவனைக் கொன்றால் மனிதனைக் கொன்றதுதானே என்று மடக்கினார்கள். அதற்கு மோகியர்களின் பதில்: ஒரு பெண்ணின் தம்பி அழகன், அவள் தம்பியை நேசிக்கிறாள் என்றால் அழகனை நேசிக்கிறாள் என்றா ஊர் சொல்லும்? வண்டி மரம், வண்டியில் ஏறுவது மரத்தில் ஏறுவது அல்ல. திருடன் மனிதன், ஊரில் திருடர் பெருகிவிட்டார்கள் என்றால் மனிதர் பெருகிவிட்டார்கள் என்று பொருளல்ல, திருடர் ஒழிய வேண்டும் என்றால் மனிதர் ஒழிய வேண்டும் என்று பொருளல்ல. இதுவரை உலகமே ஒப்புக்கொள்கிறது, அப்படியிருக்க 'திருடனைக் கொல்வது மனிதனைக் கொல்வது அல்ல' என்று நாங்கள் சொன்னால் மட்டும் ஏன் பாய்கிறீர்கள்?

எனக்கு இந்தக் கடைசிப் படி ஒப்பவில்லை. தம்பி உதாரணம் பிடிக்கிறது, ஏனென்றால் நேசிப்பதில் 'எதற்காக' என்ற கேள்வி ஒளிந்திருக்கிறது. கொல்வதில் அது இல்லை. எதற்காகக் கொன்றாலும் விழுவது ஒரு மனித உயிர். வாக்கியங்கள் ஒரு தூரம் வரைதான் சேர்ந்து நடக்கும் என்று தாங்களே சொன்னதை, தங்களுக்கு வேண்டிய இடத்தில் அவர்கள் மறந்துவிட்டதாகத்தான் படுகிறது. ஆனால் ஒன்று, அவர்களை எங்கே மறுக்க வேண்டும் என்று இவ்வளவு துல்லியமாக விரல் வைக்க முடிவதே அவர்கள் செய்தது தருக்கம் என்பதால்தான்.

வெள்ளைக் குதிரைக்கு வருவோம். அது கோங்சுன் லோங் என்பவருடையது, ஜாவ் நாட்டில் பிங்யுவான் பிரபுவின் ஆதரவில் இருந்தவர். அவர் வாதம் கிறுக்குத்தனம் இல்லை. 'குதிரை' உருவத்துக்குப் பெயர், 'வெள்ளை' நிறத்துக்குப் பெயர். குதிரை வேண்டும் என்று கேட்டால் மஞ்சளோ கறுப்போ எதைக் கொண்டுவந்தாலும் சரி; வெள்ளைக் குதிரை வேண்டும் என்று கேட்டால் அவை ஆகாது. ஒன்றுக்கு ஆகும், இன்னொன்றுக்கு ஆகாது என்றால் இரண்டும் எப்படி ஒன்றாகும்? கேட்பவர் 'வெள்ளைக் குதிரை குதிரை இனத்தில் சேராது' என்று புரிந்துகொண்டு அடிக்க வருவார். அவரோ 'இரண்டும் ஒன்றல்ல' என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார். பழஞ்சீனத்தின் 'ஃபெய்' இரண்டுக்கும் இடம் தருகிறது, நம் 'அல்ல' போலவே. சீனப் பெயர்ச்சொற்கள் எல்லாம் தண்ணீர், மணல் போன்ற எண்ண முடியாத பொருட்பெயர்கள், அதனால்தான் இந்தக் குழப்பம் என்று 1983இல் சாட் ஹான்சென் என்ற ஆய்வாளர் எழுதியது பெரிதாகப் பேசப்பட்டது. பழஞ்சீனத்தில் எண்ணை நேராகப் பெயரின் முன்னால் வைத்து 'மூன்று ஆள்' என்று எண்ண முடிகிறது என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

கன்ஃபூசியஸின் வழித்தோன்றலான கோங் சுவான் ஒருமுறை கோங்சுன் லோங்கிடம் வந்து, அந்த வெள்ளைக் குதிரையை மட்டும் விட்டுவிடுங்கள், உங்களுக்கு மாணவனாகிறேன் என்றாராம். அதை விட்டால் சொல்லித்தர என்னிடம் ஒன்றுமே இல்லையே, அதோடு மாணவனாக வருகிறேன் என்பவர் முதலில் எனக்குப் பாடம் நடத்துகிறாரே என்றார் இவர். அப்புறம் ஒரு கதை சொன்னார். சூ நாட்டு மன்னன் வேட்டையில் வில்லைத் தொலைத்தான்; தேட வேண்டாம், சூ நாட்டான் தொலைத்ததைச் சூ நாட்டான்தானே எடுப்பான் என்றான். கன்ஃபூசியஸ் அதைக் கேட்டு, மனிதன் தொலைத்ததை மனிதன் எடுப்பான் என்றால் போதாதா, 'சூ' எதற்கு என்றார். ஆக உங்கள் முன்னோர் சூ நாட்டானையும் மனிதனையும் வேறாக்கினால் சரி, நான் வெள்ளைக் குதிரையையும் குதிரையையும் வேறாக்கினால் தப்பா? கோங் சுவானிடம் பதில் இல்லை.

இதே வெள்ளைக் குதிரை வாதத்தில் ஜெயித்த இன்னொருவரைப் பற்றி ஹான் ஃபெய் என்ற பழஞ்சீனச் சிந்தனையாளர் குசும்பாக எழுதுகிறார். நி யுவே என்ற அவர் வெள்ளைக் குதிரையில் ஏறி எல்லைச் சாவடியைக் கடந்தபோது, குதிரைக்கான வரியைக் கட்டிவிட்டுத்தான் போனாராம்.

இனி, ஏன் தொடரவில்லை என்ற கேள்வி. மொழி காரணமில்லை, அதிகாரம் காரணம் என்பது என் கட்சி. ஷுன்ட்சு என்ற பெரிய அறிஞர், பெயருக்கும் பொருளுக்கும் இயல்பான ஒட்டு எதுவும் இல்லை, ஊர் ஒத்துக்கொண்டு வழங்கினால் அதுதான் பெயர் என்று தெளிவாகச் சொன்னவர். திருடன் வாதத்தைப் பெயரைக் கொண்டு பெயரைக் குழப்பும் வேலை என்று வகைப்படுத்தியவரும் அவர்தான். அவர் ஓரிடத்தில் மனம்விட்டுச் சொல்கிறார்: மேன்மக்கள் கையில் இப்போது ஆளும் அதிகாரமும் இல்லை, தடுக்கத் தண்டனையும் இல்லை, அதனால்தான் வாதம் செய்ய வேண்டியிருக்கிறது. அவரிடம் படித்த லி சு, கி.மு. 221இல் சீனத்தை ஒன்றாக்கிய சின் பேரரசனின் அமைச்சர் ஆனார். இப்போது அதிகாரமும் இருந்தது, தண்டனையும் இருந்தது. 213இல் நூல்களைக் கொளுத்தச் சொன்னவர் அவர்தான். ஏழெட்டு அரசவைகள் போட்டி போட்டுக்கொண்டு வாதக்காரர்களுக்குச் சோறு போட்ட காலம் அத்தோடு முடிந்தது, மோகியர்களின் அமைப்பும் காணாமல் போனது.

மிச்சம் இருந்த மோட்சு நூலும் சிதைந்தது. மோகிய சூத்திரங்களை மேல் வரிசை, கீழ் வரிசை என்று இரண்டு அடுக்காக எழுதி, குறுக்கே படிக்க வேண்டும் என்று குறிப்பும் வைத்திருந்தார்கள். பின்னால் வந்த பிரதி எடுப்பவர் ஒருவர் நேராக மேலிருந்து கீழே எழுதிக்கொண்டே போக, இரண்டு அடுக்கும் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிட்டது. குறுக்கே படிக்கச் சொன்ன குறிப்பும் நூலின் வரியாகவே உள்ளே போய்விட்டது! தாவோ மதத்தாரின் பெருந்தொகுப்புக்குள் சேர்ந்துகொண்டதால் நூல் பிழைத்தது. 18ஆம் நூற்றாண்டில் பி யுவான் என்ற அறிஞர் அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு சூத்திரங்களை மறுபடி அடுக்கினார். 1978இல் ஏ. சி. கிரஹாம் முழுவதையும் சீராக்கி ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். நூற்றாண்டுக் கணக்கில் ஒழுங்காகப் படிக்க முடியாமல் கிடந்த ஒன்றை வைத்து மரபு எப்படி வளரும்?

அரிஸ்டாட்டிலைப் போல எழுத்துக்குறி போட்டு, எந்த வடிவ வாதம் எப்போதும் செல்லும் என்று பட்டியல் போட்டார்களா என்றால், இல்லை. பேச்சாளர் அதை மட்டும் சொல்லியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். ஆனால் 'எல்லாப் பேச்சும் தப்பு' என்று சொல்பவன் பேச்சும் தப்புதான், அவன் சொன்னதையே பார் என்று ஒரு சூத்திரம் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒருவன் இதை மாடு என்கிறான், இன்னொருவன் மாடு அல்ல என்கிறான், இரண்டு பேரும் சரியாக இருக்க முடியாது என்றும் எழுதியிருக்கிறார்கள். வடிவம் இல்லை, சரக்கு இருக்கிறது.

படிக்க எங்கே தொடங்குவது என்றால், சியாவ்சூ. சில பக்கங்கள்தான், ஆங்கில மொழிபெயர்ப்பு எளிதாகக் கிடைக்கும். மோட்சுவை முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்காதீர்கள், சொன்னதையே திரும்பச் சொல்லி அலுப்பூட்டுவார். கோங்சுன் லோங்கை அதற்கப்புறம் எடுங்கள். இந்த வரிசை மாறினால் நீங்களும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து சிரிக்க வாய்ப்பு உண்டு.