வளர்த்த மலைப்பாம்பைக் காட்டில் விட்டால் என்ன கெட்டுவிடும்?

புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் கெட்டே விட்டது. வாங்கும்போது பர்மிய மலைப்பாம்பு இரண்டடிக் குட்டிதான். சில வருடங்களில் பத்தடியைத் தாண்டும், இருபது வருடம்கூட வாழும். (கடையில் இதையெல்லாம் யார் சொல்கிறார்கள்?) சமாளிக்க முடியாதவர்கள் வெளியே விட்டார்கள். பெண் பாம்பு ஒரே ஈட்டில் 50 முதல் 100 முட்டை வரை இடும். 2012இல் வெளியான ஆய்வின்படி, அங்கே இந்தப் பாம்புகளுக்கு இரையாகும் ரக்கூன் என்ற சிறு காட்டு விலங்குகள் கண்ணில் படுவது 99 சதவீதம் குறைந்துவிட்டது. பிடித்து ஒழிப்பதும் லேசில்லை: பழுப்புத் திட்டுத்திட்டான உடம்பு காய்ந்த கோரைக்குள் கிடந்தால் பக்கத்தில் நின்றாலும் தெரியாது.

புளோரிடாவில் இந்தப் பாம்பை வைத்திருப்பவர் மாநில வனவிலங்கு ஆணையத்திடம் ஒப்படைக்கலாம். உரிமம் இல்லாவிட்டாலும் அபராதம் கிடையாது. கொண்டுபோகுமுன் சில நாள் இரை போடக் கூடாது, வழியில் கக்கிவிடும். பருத்திப் பையில் விட்டு, பையின் வாயை இறுகக் கட்டி, காற்றுத்துளையுள்ள மூடிப் பெட்டியில் வைக்கவும்.