ரீச்சரிடம் கேளுங்கள்: வெயில் காலமும் சின்னப் பிள்ளைகளும்

(கிளிநொச்சியில் நீண்ட காலம் முன்பள்ளி ஆசிரியையாக இருந்தவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

*கேள்வி: ரீச்சர், எனக்கு ஐந்து வயதில் மகனும் மூன்று வயதில் மகளும். சித்திரை லீவு விட்டால் இரண்டு பேரும் போனுக்குத்தான் அடிபடுவார்கள். இவருக்குக் கொழும்பில் வேலை. எங்கள் பக்கம் பூங்கா ஒன்றும் இல்லை. காசு செலவழிக்காமல் பிள்ளைகளைச் சந்தோசமாக வைத்திருக்க என்ன வழி?*
*ஒரு தாய், ஒட்டுசுட்டான்*

பிள்ளை, உங்கள் வளவில் ஒரு வேம்பாவது நிற்கும் என்று நம்பி எழுதுகிறேன். பங்குனி கடைசியில் அது பூத்துக் கொட்டத் தொடங்கிவிடும். இரவு படுக்கப் போக முன் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய், மரத்துக்குக் கீழே வடிவாகக் கூட்டி, ஒரு பழைய சேலையை விரித்துவிடுங்கள். நாலு மூலைக்கும் கல்லு வைப்பது மகனின் வேலை. அடுத்த நாள் நீங்கள் எழுப்பத் தேவையில்லை, தாங்களாகவே எழும்பி ஓடுவார்கள். சேலை முழுக்கப் பூச் சொரிந்து கிடக்கும், அந்த வாசத்துக்கே ஒரு நிமிடம் நிற்கத் தோன்றும்.

பூவுக்குள் கிடக்கிற காம்பு, காய்ந்த இலை எல்லாவற்றையும் மகள் பொறுக்கட்டும். மூன்று வயது விரலுக்கு அதைவிட நல்ல வேலை இல்லை. நீங்கள் சுளகில் புடைத்துக் காட்டுங்கள். அப்புறம் உளுந்தை ஊறவைத்து அரைத்து, பூவும் வெங்காயமும் செத்தல் மிளகாயும் உப்பும் சேர்த்து வடகம் தட்டுங்கள். மிளகாய் சேர்க்க முன் ஒரு கைப்பிடி மா எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட வேண்டும். அவர்கள் தட்டுகிற வடகம் தோசை மாதிரியும் வரும், மாபிள் மாதிரியும் வரும். நீங்கள் திருத்தப் போகாதீர்கள். மூன்று நாலு நாள் வெயிலில் காய்ந்த பிறகு அதைத் தனியாகப் பொரித்து, “இது தங்கச்சி தட்டினது” என்று சொல்லிச் சோற்றோடு வையுங்கள். வேப்பம்பூக் கைக்கும் என்று முகம் சுளிக்கிற பிள்ளையும் தான் தட்டினதைத் தின்னும். இதை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன்.

1996இல் கிளிநொச்சியை விட்டு இடம்பெயர்ந்து மல்லாவிப் பக்கம் போனபோது, ஒரு மரத்துக்குக் கீழேதான் எங்கள் முன்பள்ளி நடந்தது. விளையாட்டுச் சாமான் என்று ஒன்றுகூட இல்லை. வேலியில் பூவரசு நின்றது, அதை வைத்தே ஒரு கிழமையை ஓட்டினேன். குருத்திலை கிழிந்துவிடும், பழுத்த இலை முறிந்துவிடும். இரண்டுக்கும் இடைப்பட்ட பச்சை இலையாகப் பார்த்துப் பிடுங்க வேண்டும். காம்பைக் கிள்ளிவிட்டு ஒரு பக்கத்திலிருந்து இறுக்கமாகச் சுருட்டி, ஒரு நுனியை இரண்டு விரலால் மெல்ல நசித்து ஊதினால் பீப்பீ. முதல் பத்து இலையில் வெறும் காற்றுத்தான் வரும். பதினோராவது இலையில் சத்தம் வந்தபோது ஒரு சின்னவன் பயந்துபோய் இலையை எறிந்துவிட்டு, பிறகு அதைத் தேடி அழுதான். போனில் எத்தனை சத்தம் கேட்டாலும், தன் வாயால் வருகிற சத்தம் பிள்ளைக்கு வேறு. போனைப் பறிக்காமல் இலையைச் சுருட்டிக் கையில் கொடுத்துப் பாருங்கள்.

நுங்கு வந்துவிட்டால் உங்களுக்குக் கவலையே இல்லை. சீவித் தருகிறவரிடம், கண்ணைத் தோண்டாமல் தலையை மட்டும் வெட்டித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் மூன்று கண் இருக்கும். பெருவிரலைக் கழுவிவிட்டு, கண்ணின் ஓரத்தில் மெல்ல அமத்தினால் தண்ணீர் பீச்சியடித்துச் சட்டையெல்லாம் நனையும். நனையட்டும். இளம் நுங்கு வழுக்கிக்கொண்டு தொண்டைக்குள் போகும், அதனால் மகளுக்கு மட்டும் கரண்டியால் சின்னச் சின்னதாக எடுத்து, இருத்தி வைத்துக் கொடுங்கள். குடித்து முடிந்த கோம்பை இரண்டை ஒரு தடியில் கோத்து, கவர்த்தடியால் தள்ளினால் நுங்கு வண்டில். அதற்குப் பிறகு பொழுதுபட்டுத்தான் மகன் வீட்டுக்குள் வருவான்.

*கேள்வி: புதுவருசத்துக்கு நாலு வயது மகளோடு சேர்ந்து ஏதாவது இனிப்புச் செய்ய ஆசை. மனைவிக்கு அன்றும் வேலை. எனக்குச் சோறும் தேத்தண்ணியும்தான் வைக்கத் தெரியும். கொதிக்கிற பாகு, எண்ணெய் எல்லாம் பயம்.*
*ஒரு தந்தை, கிளிநொச்சி*

தம்பி, பயப்படுவது சரிதான். நாலு வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாகு காய்ச்ச வேண்டாம். எள்ளு இடியுங்கள்.

கால் கிலோ எள்ளைக் கழுவி, மண் போக அரித்து, நீர் வடியவிட்டு வறுத்தெடுங்கள். அடுப்பு வேலை அவ்வளவுதான், அதை முதல் நாள் இரவே மகள் நித்திரையான பிறகு முடித்துவிடலாம். எள்ளு படபடவென்று வெடித்து வாசம் வந்தால் இறக்கிவிடுங்கள், கருகினால் கைக்கும். காலையில் பனங்கட்டிக் குட்டானை மகளிடம் கொடுத்து ஓலையை உரிக்கச் சொல்லுங்கள். அதற்கே அரை மணித்தியாலம் எடுப்பாள், அவசரப்படுத்தாதீர்கள். உரித்த ஓலையும் அவளுக்குத்தான், அதில் பொம்மைக்குக் கூடை செய்வாள்.

எள்ளோடு நூற்றைம்பது கிராம் அளவு பனங்கட்டியும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு உரலில் இடியுங்கள். உலக்கையை நீங்கள் பிடிக்க, அவள் உங்கள் கைக்கு மேலே பிடிக்கட்டும். கொஞ்ச நேரத்தில் எள்ளிலிருந்து எண்ணெய் கசிந்து, மா கறுத்து மினுங்கத் தொடங்கும். ஒரு பிடி எடுத்து அமத்திப் பாருங்கள், உதிராமல் நின்றால் பதம் சரி. இனி உருட்டுவது முழுக்க மகளின் பொறுப்பு. மனைவி வேலையால் வந்ததும் முதல் உருண்டையை மகளே ஊட்டிவிடட்டும். கைவிசேஷம் வாங்குகிற நாளில் அவளும் தன் கையால் ஒன்று கொடுத்ததாக இருக்கும்.

*கேள்வி: ரொறன்ரோவில் இருந்து பேரப்பிள்ளைகள் இரண்டு பேர் முதல்தரம் வருகிறார்கள். ஆறு வயதும் நாலு வயதும். தாய்க்காரி வெயில், கிருமி என்று இப்பவே பயப்படுகிறாள். பாலைப்பழம் கொடுக்க எனக்கு ஆசை.*
*ஓர் அம்மம்மா, நெடுங்கேணி*

அம்மா, சித்திரையில் வருகிறார்கள் என்றால் பாலைப்பழத்துக்குக் கொஞ்சம் முந்திவிட்டார்கள். வைகாசி, ஆனி வரை நின்றால் கிடைக்கும். நின்றால், தின்ன முன் உதட்டில் தேங்காய் எண்ணெய் பூசிவிடுங்கள், பால் ஒட்டாது. இப்போதைக்கு வெள்ளரிப்பழம் இருக்கிறது. வெடித்த பழமாக வாங்கி, கழுவி, தோலை உரித்து, சீனி தூவி மசித்துக் கொடுங்கள். மசிக்கிற வேலை பேரனுக்கு.

மகளின் பயத்தை வாய்க்கு வாய் மறுக்காதீர்கள். கொதித்தாறிய தண்ணீர்ப் போத்தலைக் கையிலேயே வைத்திருங்கள். பதினொரு மணியிலிருந்து மூன்று மணிவரை விறாந்தையில் பாய் போட்டுக் கதை சொல்லுங்கள். அதைக் கண்டாலே அவள் பாதி ஆறிவிடுவாள். கட்டில்லாத கிணறு இருந்தால் அவர்கள் வர முன்னமே வேலி அடைத்துவிடுங்கள். இன்னொன்றை நான் கட்டாயம் சொல்ல வேண்டும். மிதிவெடி இருக்கிற இடத்தில் நிற்கிற, மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை என்ன சொல்கிறது என்று எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும், கனடாவில் வளர்ந்த பிள்ளைக்குத் தெரியாது. வந்த முதல் நாளே கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுங்கள்: பலகை கண்டால் அந்தப் பக்கம் போவதில்லை, காட்டில் கிடக்கிற இரும்புச் சாமான் ஒன்றையும் தொடுவதில்லை. பயமுறுத்தாமல், வீதியில் வாகனம் பார்த்துக் கடக்கச் சொல்லிக்கொடுப்பது போலச் சொல்லுங்கள்.

*கேள்வி: ரீச்சர், புதுவருசத்தண்டு மத்தியானம் எனக்கு நிழல் இல்லை. அது எங்கே போனது?*
*இரண்டாம் ஆண்டு மாணவி, மாங்குளம் (அம்மா எழுதித் தந்தது)*

செல்லம், எனக்கு வந்த கடிதங்களில் உன்னுடையதைத்தான் இரண்டு தரம் வாசித்தேன்.

உன் நிழல் உன் காலுக்குக் கீழே ஒளிந்துகொண்டது. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டின நாட்களில் சூரியன் வன்னிக்கு நேர் மேலே வரும். ஏப்ரல் தொடக்கத்தில் இலங்கையின் தெற்கே உச்சியில் நின்று, நாளுக்கு நாள் வடக்கே நகர்ந்து, பதின்மூன்று பதினாலாம் திகதி அளவில் உங்கள் வீட்டுக்கு மேலே வந்துவிடும். மத்தியானம் பன்னிரண்டு மணி பத்து நிமிடம் அளவில் அப்பாவின் தண்ணீர்ப் போத்தலை முற்றத்தில் நிமிர்த்தி வைத்தால், பக்கத்தில் நிழலே விழாது. தொப்பி போட்டுக்கொண்டு ஐந்தே நிமிடம் நின்று பார், சூரியனை நிமிர்ந்து பார்க்காதே, நிலத்தைப் பார்.

திரும்பிப் போகிற வழியில் ஆகஸ்ட் கடைசியில் சூரியன் இன்னொரு தரம் அதே இடத்துக்கு வரும். அப்போது ஒரு நேரான தடியை முற்றத்தில் நட்டு, ஒவ்வொரு நாளும் மத்தியானம் நிழலின் நுனியில் ஒரு சின்னக் கல்லு வை. எந்த நாளில் கல்லு வைக்க இடம் இல்லாமல் போனது என்று எனக்கு எழுது. இந்த முறை உன் கையெழுத்திலேயே எழுது.