அப்பாவின் .315 ரைஃபிளில் போல்ட்டை மூடும்போது இறுகுகிறது. நானே கழற்றிப் புதிய போல்ட் தலையும் ஸ்பிரிங்கும் மாற்றலாமா?

மாற்றாதீர்கள். கழற்றித் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். போல்ட் என்பது குழலின் பின்வாயை அடைத்து மூடும் தண்டு, அதன் முன்முனையில் திருகியிருப்பதுதான் தலை. இதை உங்களுக்கு முன்பே செய்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

உங்களிடம் இருப்பது பெரும்பாலும் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த ரைஃபிளாக இருக்கும். பயிர்க் காவல் உரிமத்தில் அப்பா பெயரில் வாங்கியிருப்பார். எங்கள் வீட்டிலும் அதே துப்பாக்கிதான், தாத்தா காலத்தியது. எங்கள் நிலம் சாப்டூர் மலையடிவாரத்தில் இருக்கிறது. கடலை பிடிக்கும் பருவத்தில் காட்டுப்பன்றி இறங்கினால் ஒரே இரவில் அரைக் குழி மிஞ்சாது. வானத்தைப் பார்த்து ஒரு வெடி போட்டால் ஓடிவிடும். “வேட்டைக்காரனுக்கு வக்காலத்தா?” என்று எழுத வருகிறவர்களுக்கு: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் ஒரு முயலைக்கூடச் சுட்டதில்லை.

2024 தேர்தலுக்காகத் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தோம். தேர்தல் அறிவிப்பு வந்தது மார்ச் 16. நம் மாநிலத்தில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19. அதன் பிறகும் 46 நாள், ஜூன் 4 வாக்கு எண்ணிக்கை வரை, துப்பாக்கி அங்கேயே கிடந்தது. உழவனின் துப்பாக்கிகளை விறகுக் கட்டு மாதிரி ஈரச் சுவரோரம் சாய்த்து, கழுத்தில் அட்டை கட்டி வைத்திருந்தார்கள். அந்த மாதங்களில் கிணற்றுப் பாசனக் கடலையைப் பன்றி தின்றது, துப்பாக்கியைத் துரு தின்றது. இரண்டுக்கும் யாரிடம் போய்க் கேட்பது? தேர்தல் அமைதியாக நடக்க வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. வாங்கிவைக்கிற பொருளுக்கு ஒரு துளி எண்ணெயாவது போடலாமே என்பதுதான் என் கேள்வி.

திரும்பி வந்த துப்பாக்கியில் போல்ட் நகரவே மறுத்தது. கழற்றினேன். முதலில் மேகசினை எடுத்துவிட்டு, குழலில் தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்தேன். போல்ட்டை முழுக்கப் பின்னுக்கு இழுத்து, அதன் தலையை மேல்நோக்கித் தூக்கினால் விளிம்பை விட்டு விலகும், மொத்தமும் கையோடு வந்துவிடும். உள்ளே பழைய தேங்காய் எண்ணெய் பிசினாகக் காய்ந்திருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, மெல்லிய எண்ணெய் தடவியதும் நன்றாகவே நகர்ந்தது. அங்கே நிறுத்தியிருக்க வேண்டும்.

ஆனால் மூடும்போது கடைசி அங்குலத்தில் ஒரு இறுக்கம் இருந்தது. நீங்கள் சொல்கிற அதே இறுக்கம். போல்ட் தலை தேய்ந்துவிட்டது என்று நானே முடிவு செய்து, பெரியப்பாவின் துப்பாக்கியிலிருந்து தலையைத் திருகி எடுத்து எங்களுடையதில் பொருத்தினேன். இரண்டும் ஒரே மாதிரிதானே, ஒரே வீட்டில்தானே இருக்கின்றன என்ற நினைப்பு. அன்றிரவு ஒரு வெடி. கன்னத்தில் சூடான காற்று அறைந்தது. வெளியே வந்த தோட்டாவின் பித்தளைக் கூட்டில் அடிப்பகுதிக்குச் சற்று மேலே சுற்றிலும் விரிசல். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கூடு இரண்டாகி, முன்பாதி குழலுக்குள்ளேயே தங்கியிருக்கும். பெரியப்பா என்னைத் திட்டவில்லை. என் கண்ணை மட்டும் விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மதுரையில் உரிமம் பெற்ற ஆயுதக் கடையில் பழுது பார்க்கும் பெரியவர்தான் விளக்கினார். இந்த ரகம் பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிளான லீ என்ஃபீல்டு வழி வந்தது. போல்ட்டைத் திறக்கும்போது அல்ல, மூடும்போதுதான் தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஊசியின் ஸ்பிரிங் அழுந்தி விசை ஏறும். ஜெர்மனியின் மௌசர் வழி வந்த பல ரைஃபிள்களில் திறக்கும்போதே ஏறிவிடும், அதனால் மூடுவது வழுக்கிக்கொண்டு போகும். ஆகவே கடைசி அங்குல இறுக்கம் பழுதே அல்ல, அதன் பிறவிக் குணம். ஸ்பிரிங்கை மெலிதாக மாற்றினால் இறுக்கம் குறையும், கூடவே ஊசியின் அடியும் குறையும். தோட்டா வெடிக்காமல் ஏமாற்றும்.

தலை விஷயம் அதைவிட ஆபத்தானது. தோட்டாவின் அடியைத் தாங்கி நிற்பது அந்தத் தலைதான். இதே குடும்பத்து நம்பர் 4 ராணுவ ரைஃபிளுக்கு 0 முதல் 3 வரை எண்ணிட்டு நான்கு அளவுத் தலைகள் செய்தார்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் ஓர் அங்குலத்தை ஆயிரமாக்கினால் ஏறத்தாழ மூன்று பங்கு. நம் ரகத்தில் அந்த எண்ணும் கிடையாது, ஒவ்வொன்றையும் அதனதன் துப்பாக்கியோடு பொருத்திப் பார்த்தே போட்டிருக்கிறார்கள். பெரியப்பாவின் தலை எங்களுடையதற்குக் கொஞ்சம் குட்டை. அந்த இடைவெளியில்தான் கூடு இழுபட்டுக் கிழிந்தது.

இணையத்தில் தலை மட்டும் தனியாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 1959 ஆயுதச் சட்டத்தில் உதிரி பாகமும் ஆயுதம்தான். பழுது பார்க்கவும் தனி உரிமம் வேண்டும். நான் செய்தது தவறு, அதை மறைக்க விரும்பவில்லை.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒன்று பாருங்கள். போல்ட்டின் கைப்பிடி அடியில் ஓர் எண் பொறித்திருக்கும், துப்பாக்கியின் உடலிலும் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்து, தலையையும் யாரும் மாற்றவில்லை என்றால் துடைத்து எண்ணெய் போட்டு வையுங்கள். எண் வேறாக இருந்தாலோ தலையில் சந்தேகம் இருந்தாலோ ஒரு தோட்டாகூடப் போடாமல், அப்பாவையும் உரிமப் புத்தகத்தையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போய்விடுங்கள்.