ஆக்லாந்து காய்கறிக் கடையில் வேலைக்கு வரும் தம்பிக்கு

அம்பத்தூரிலிருந்து அடுத்த மாதம் ஆக்லாந்துக்குக் கிளம்பும் தம்பி, மூன்று கேட்டிருக்கிறாய். வாடகை எவ்வளவு, குளிர் தாங்குமா, பாப்பாடோய்டோயில் மாமாவின் காய்கறிக் கடையில் நிற்கும்போது பழ ஈ வந்தால் கடைக்குக் கெடுபிடி என்கிறார்களே, நிஜமா? வாடகையை மாமாவிடமே கேட்டுக்கொள். குளிருக்கு ஒரு நல்ல ஜெர்கின் போதும். ஈ விஷயத்தைத்தான் நான் சொல்லியாக வேண்டும்.

லீவில் வந்து கோடம்பாக்கத்தில் அம்மா வீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சற்று முன் அம்மா ஒரு பங்கனப்பள்ளி நறுக்கினார். தோலில் ஊசி குத்தினாற்போல ஒரு புள்ளி, அவ்வளவுதான். உள்ளே சதை கூழாகி, பழ ஈ இட்ட முட்டையிலிருந்து வந்த வெள்ளைப் புழுக்கள் நெளிகின்றன. அந்தப் பக்கத்தை வெட்டி எறிந்துவிட்டு மீதியைத் தட்டில் வைத்தார். நமக்கு இது பழகிப்போன விஷயம். நியூசிலாந்தில் இந்த ஈ குடியேறவே இல்லை. குடியேறிவிட்டால் அவர்களுடைய ஆப்பிளையும் கிவிப் பழத்தையும் வாங்கும் நாடுகள் கதவை மூடும். அதனால்தான் நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் பொறி வைத்துக் காத்திருக்கிறார்கள்.

2025 ஜனவரியில் பாப்பாடோய்டோயிலேயே ஒரு பொறியில் ஓரியண்டல் பழ ஈ சிக்கியது. நம் மாம்பழத்தைக் கெடுக்கும் அதே இனம். ஒரே ஒரு ஆண் ஈ! அதற்கே அந்த இடத்தைச் சுற்றி 200 மீட்டர் ஏ வட்டம், 1500 மீட்டர் பி வட்டம் என்று கோடு போட்டார்கள். ஏ வட்டத்திலிருந்து முழுப் பழமோ காயோ வெளியே போகக் கூடாது என்றார்கள், எங்கே வாங்கியதானாலும் சரி. கீரைக்கும் மண் ஒட்டாத கிழங்குக்கும் மட்டும் விலக்கு. பி வட்டத்தில், அங்கேயே விளைந்தது வெளியே போகக் கூடாது என்றார்கள். 2025 பிப்ரவரியில் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டார்கள்.

மறுபடி ஈ சிக்கி வட்டம் போட்டால், கடையில் நீ செய்ய வேண்டியது: முதலில் கடை எந்த வட்டத்தில் இருக்கிறது என்று வரைபடத்தில் பார். சரக்கு எங்கிருந்து வந்தது என்பதற்குப் பெட்டிவாரியாக பில் வைத்துக்கொள். அழுகிய தக்காளியை உரக்குழியில் கொட்டாதே. அதற்கென்று மூடி போட்ட தொட்டி வைப்பார்கள், அதில் போடு. பக்கத்து வீட்டு அக்கா தோட்டத்துக் கொய்யாவைக் கொண்டுவந்து “விற்றுக் கொடுப்பா” என்றால், கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பிவிடு.

இந்த இடத்தில்தான் நம்ம ஆட்கள் மேல் எனக்குக் கோபம். “ஒரு ஈக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா, நம்ம ஊரில் பார்க்காத புழுவா” என்று இருபது வருடம் அங்கே இருந்தவர்களே பேசுகிறார்கள். அந்த ஊர் சோறு போடுகிறது, அதன் பயத்தையும் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டாமா? நான் புரிந்துகொண்டேன், ஆனால் அடிபட்ட பிறகு.

2008இல் நான் கிளம்பும்போது அம்மா வடபழனி முருகன் கோயில் எலுமிச்சம்பழத்தைக் கைப்பையில் போட்டிருந்தார். நான் மறந்தே போனேன். ஆக்லாந்தில் இறங்கி, பழம் இருக்கிறதா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று டிக் அடித்தேன். மோப்ப நாய் ஒன்று வந்து என் பைக்குப் பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்தது. முதல் வாரச் செலவுக்கு வைத்திருந்த பணத்தில் பாதி அபராதமாகப் போனது. அந்த இரவு ஒரு நண்பனின் வீட்டுக் கூடத்தில், பாயில்லாமல், ரொட்டியும் தண்ணீருமாகப் படுத்தேன். அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

இப்போது அபராதம் 400 டாலர். இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அபராதம் கிடையாது, பொருளை எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். கறிவேப்பிலைக்கும் இதேதான். உன் அம்மாவும் எலுமிச்சம்பழம் தருவார். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மீனம்பாக்கத்தில் உள்ளே போகுமுன் அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடு.