கடைய மூடிட்டாங்க, ராயல்டி பாக்கிய யார்கிட்ட கேக்குறது?

கேள்வி: வீட்டுல இருந்தே குடும்ப நாவல் எழுதுறேன் சார். ஒரு மின்னூல் சைட்ல 14 புக் போட்டிருந்தேன், மூணு மாசத்துக்கு ஒருக்கா ராயல்டி வரும். ஆறு மாசமா வரல, கேட்டா "ப்ராசஸ்ல இருக்கு மேடம்"னாங்க. இப்ப கம்பெனிய மூடுறோம், பாக்கி 61,000ல பத்து பர்சன்ட் தரோம், லெட்டர்ல சைன் போட்டு அனுப்புங்கனு மெயில் வந்திருக்கு. போடலாமா?
(வாசகி, பாலக்கோடு)

பதில்: அவசரப்பட்டு போடாதீங்கம்மா. அந்த லெட்டர் கடைசி பாராவ ரெண்டு தடவ படிங்க, "இத்தோட கணக்கு பைசல், இனி எந்த பாக்கியும் கேக்க மாட்டேன்"னு ஒரு வரி அனேகமா இருக்கும், அந்த வரிக்கு விலைதான் 6,100 ரூபா. அமெரிக்காவுல ஆல் ரொமான்ஸ் ஈபுக்ஸ்னு ஒரு கடை இதே மாதிரி 2016 டிசம்பர் 28 மெயில் அனுப்பி 31ஆம் தேதியே ஷட்டர இறக்கிட்டாங்க, கடைசி மூணு மாச ராயல்டிக்கு டாலருக்கு பத்து சென்ட் வாங்கிட்டு கணக்க முடிச்சுக்கங்கனாங்க.

நம்ம ஊர்ப்பக்கம் மாங்கா கூழ் ஃபேக்டரிக்கு லோடு ஏத்திவிட்டுட்டு துண்டுச்சீட்ட மடிச்சு சட்டப்பைல வெச்சிக்கிட்டு பணத்துக்கு காத்திருப்பாங்கல்ல, அதே கதைதான் இது, வாசகர் அன்னைக்கே காசு கட்டிடுறார், அது நேரா கடைக்காரர் அக்கவுன்ட்டுக்கு போகுது, அதுல உங்க பங்குனு தனியா எடுத்து வெக்கல, மூணு மாசத்துக்கு நீங்கதான் அவங்களுக்கு வட்டியில்லா கடன் குடுத்திருக்கீங்க.

கம்பெனி திவாலாகி கலைப்புக்கு போச்சுன்னா 2016 திவால் சட்டத்துல யாருக்கு முதல்ல பணம்னு ஒரு வரிசை இருக்கு. நடவடிக்கை செலவு, தொழிலாளர் பாக்கி, அடமானம் வாங்குன பேங்க், ஸ்டாஃப் சம்பளம், கவர்மென்ட் பாக்கி எல்லாம் போய்தான் உங்கள மாதிரி ஆளுங்களுக்கு, அங்க வரும்போது பாத்திரம் காலியா இருக்கவும் வாய்ப்பு இருக்கு, பொய் நம்பிக்கை குடுக்க விரும்பல. நீங்களா போய் கேஸ ஆரம்பிக்கணும்னா பாக்கி 1 கோடி இருக்கணும் (2020ல இருந்து), ஆனா வேற யாராச்சும் ஆரம்பிச்சிட்டா க்ளெய்ம் போட அந்த 1 கோடி கணக்கு கிடையாது, பேப்பர்ல அறிவிப்பு வரும், அதுல இருக்கிற தேதிக்குள்ள போடணும்.

அதுக்கெல்லாம் முன்னாடி இன்னைக்கு ராத்திரியே ஒரு வேல. சைட் இருக்கும்போதே உள்ள போய் சேல்ஸ் ரிப்போர்ட் மொத்தத்தையும் டவுன்லோட் பண்ணுங்க, தேதி தெரியிற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுங்க. சர்வர நிறுத்திட்டா ஆதாரமே இல்ல. எனக்கு ஒருத்தங்க 2,300 ரூபா தரணும், நாளைக்கு எடுத்துக்கலாம்னு விட்டேன், மறுநாள் லாகின் பக்கமே திறக்கல, அதான் இவ்ளோ அவசரப்படுத்துறேன். அப்படியே வருமானவரி சைட்ல உங்க பான் நம்பர்ல அவங்க டிடிஎஸ் (உங்களுக்கு தர்ற பணத்துல முன்னாடியே பிடிச்சு கட்டுற வரி) கட்டியிருக்காங்களானு பாருங்க, கட்டியிருந்தா உங்களுக்கு ராயல்டி வெச்சிருந்தாங்கன்றதுக்கு அதுவே நல்ல சாட்சி.

தர்மபுரி கோர்ட்டுல சட்டப்பணிகள் ஆணைக்குழுகிட்ட போங்க, பொண்ணுங்களுக்கு வருமானம் எவ்ளோ இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. நோட்டீஸ் விடலாம், பணம் தர வேண்டிய தேதியில இருந்து 3 வருஷத்துக்குள்ள கேஸ் போடணும். அக்ரிமென்ட்ல "பெங்களூரு கோர்ட்டு மட்டும்"னு இருக்கானு வக்கீல்கிட்ட காட்டிடுங்க.

நாவல் உங்களோடதுதான், காப்பிரைட்ட எழுதிக் குடுக்காத வரைக்கும். எங்களுக்கு மட்டும்னு எழுதி வாங்கியிருந்தா ஒப்பந்தத்த ரத்து பண்றேன்னு மெயிலும் ரிஜிஸ்டர் தபாலும் அனுப்பிட்டு வேற இடத்துல ஏத்துங்க. அட்டைப்படம் அவங்க போட்டதுன்னா புதுசா போட்டுக்கங்க.

கேள்வி: அதே சைட்ல நான் காசு குடுத்து வாங்குன 30 புக் என்ன ஆகும்?
(வாசகர், காவேரிப்பட்டணம்)

பதில்: டவுன்லோட் பண்ற ஃபைலா இருந்தா இப்பவே பண்ணி வெச்சிக்கங்க. ஆப்லதான் படிக்க முடியும்னா ஆப் போனா புக்கும் போச்சு. மைக்ரோசாஃப்ட் 2019ல மின்னூல் கடைய மூடினப்ப வாங்குன புக்கெல்லாம் மறைஞ்சது, ஆனா காச திருப்பிக் குடுத்தாங்க. எழுத்தாளருக்கே பத்து பர்சன்ட்னு சொல்ற கம்பெனிகிட்ட ரீஃபண்ட்... கேட்டு ஒரு மெயில் போட்டு வைங்க தம்பி.